ஒரு மில்லிவோல்ட் உறுமல்

ஸ்பீக்கரில் சுத்தமாகப் பாடுகிற வால்வு ஆம்ப்ளிஃபயர், ஹெட்போனை மாட்டியதும் முனகத் தொடங்கும். எதுவும் கெட்டுப்போனதால் அல்ல, கணக்கு அப்படி. 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரில் ஒரு மில்லிவோல்ட் ஹம் என்பது வெறும் 19 டெசிபெல். 100 ஹெர்ட்ஸில் மனிதக் காது கேட்கத் தொடங்குவதே 26 டெசிபெல்லுக்கு மேலேதான். ஆக ஹம் இருக்கிறது, யாருக்கும் கேட்பதில்லை. அதே ஒரு மில்லிவோல்ட்டை 300 ஓம் சென்ஹைசர் எச்டி 650-க்குக் கொடுத்தால் 43 டெசிபெல் ஆகிவிடும். மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் தருகிற 16 ஓம் இயர்போன் என்றால் 68 டெசிபெல். எண்ணை மட்டும் பார்த்தால் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசுகிற அளவு அது.

இந்த ஒரு மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி முழுவதும். யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற யோசனை, “வால்வை மாத்திப் பாரு, கண்டன்சரை மாத்திப் பாரு.” காசு போகும், ஹம் போகாது. முப்பது நாற்பது வருடப் பழைய பெட்டியில் உதிரிப்பாகம் செத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கிட் வாங்கிக் கோத்தவை, புதிதாக வீட்டில் கட்டியவை இரண்டிலும் பாகங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மின்னோட்டம் போகக் கூடாத ஒயர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். பாகத்தைச் சந்தேகிப்பதற்கு முன் பாதையைச் சந்தேகிப்பதே நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும் என்பது என் கட்சி.

முதல் வேலை, எந்த மாதிரிச் சத்தம் என்று காது கொடுத்துக் கேட்பது. சத்தம் ஹெட்போனிலா பெட்டியிலா என்பதையே பலர் பிரிப்பதில்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் பெட்டி முனகினால் டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்கின்றன. அல்லது மெயின் லைனில் கொஞ்சம் டிசி கலந்து, டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரைத் திணற வைக்கிறது. பழைய ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அந்த டிசி கிளம்பும், டிரையர் நின்றதும் முனகலும் நிற்கும். அது தனிக் கதை, இங்கே அதோடு விடலாம்.

ஹெட்போனில் வருவது என்றால், நம் ஊரிலும் இலங்கையிலும் மெயின் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அது 50-இலோ அதன் மடங்குகளிலோதான் இருக்கும். அமெரிக்கர்கள் எழுதியதில் 60, 120 என்று இருப்பதை 50, 100 என்று படித்துக்கொள்ள வேண்டும். செல்போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி 50-ஐயும் 100-ஐயும் மாறி மாறிக் கேட்டால் வித்தியாசம் பிடிபட்டுவிடும். ஹெட்போனில் கேட்க வேண்டும். செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஆழமான ‘ம்ம்ம்’ என்றால் 50: வால்வின் ஹீட்டர், காந்தப்புலம், எர்த் மூன்றில் ஒன்று. அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, மொழுமொழுவென்று இருந்தால் 100: ரெக்டிஃபயருக்குப் பின் வடிகட்டாமல் மிஞ்சிய அலை. ‘ஜ்ர்ர்ர்’ என்று ரம்பம் அறுப்பதுபோல் கேட்டால் 100, 200, 300 என்று ஒரு படையே வருகிறது. கூர்மையான மின்துடிப்பு ஏதோ ஒன்று உள்ளே கசிகிறது என்று அர்த்தம்.

இந்த மூன்றாவது ரகம்தான் அதிகம் படுத்தும். 50 ஹெர்ட்ஸைக் கேட்க நம் காதுக்கு 44 டெசிபெல் வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மூன்று டெசிபெல் போதும். அதனால் மீட்டரில் பிடிபடாத அளவு ‘ஜ்ர்ர்ர்’ கூடக் காதைக் குடையும். மீட்டரில் பெரிதாகக் காட்டுகிற 50 ஹெர்ட்ஸ் சில நேரம் கேட்கவே கேட்காது. மீட்டரை நம்புவதைவிட, லேப்டாப்பின் ஒலி உள்ளீட்டில் கொடுத்து இலவச ஸ்பெக்ட்ரம் மென்பொருளில் எந்த எந்த எண்ணில் கொம்பு முளைத்திருக்கிறது என்று பார்ப்பது மேல்.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைக்கும். இன்புட் கேபிளைக் கழற்றிவிட்டு, ஆர்சிஏ பிளக் ஒன்றில் நடுக்கம்பியையும் வெளிவளையத்தையும் சேர்த்துச் சால்டர் செய்து செருக வேண்டும். வெறுமனே கழற்றி விட்டுவிட்டால் திறந்த இன்புட்டே ஆன்டெனாவாகி ஹம் வாங்கும்; அதைக் கேட்டுத் தப்பாக முடிவு கட்டியவர்கள் ஏராளம். ஷார்ட் பிளக் போட்டதும் ஹம் ஓய்ந்தால் ஆம்ப்ளிஃபயர் யோக்கியம், வெளியே தேட வேண்டும். ஓயாவிட்டால் வால்யூமைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வால்யூமோடு கூடிக் குறைந்தால் நோய் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டருக்கு முன்னால். அசையாமல் நின்றால் பின்னால். நடுவில் அதிகமாகி இரு முனையிலும் அடங்கினால், பொட்டின் நடுக்காலில் இருந்து வால்வின் கிரிட்டுக்குப் போகும் ஒயர் பக்கத்து ஏசி ஒயரிலிருந்து பிடிக்கிறது. பாதித் திருப்பத்தில்தான் அந்த இடத்தின் தடை உச்சத்தில் இருக்கும். குமிழைத் தொட்டால் ஹம் குறைகிறதா? பொட்டின் உலோக உடம்புக்கு கிரவுண்ட் இல்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மலிவான ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஹீட்டர் சூடாறவும் கெப்பாசிட்டர்கள் இறங்கவும் சில நொடி பிடிக்கும். அந்த நொடிகளில் ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டே இருக்கும். ஆனால் அதன் சொந்த டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்டர் ஏசி, ரெக்டிஃபயர் எல்லாம் அந்தக் கணமே ஊமையாகிவிடும். ஹம் சட்டென்று அறுந்தால் உள்ளே பிறந்தது. பாட்டோடு சேர்ந்து மெதுவாகத் தேய்ந்தால் வெளியிலிருந்து வந்தது.

வெளிக் குற்றவாளிகளில் முதலிடம் எர்த் லூப்புக்கு. மூன்று பின் பிளக்கோடு இருக்கும் கம்ப்யூட்டர், மூன்று பின் பிளக்கோடு இருக்கும் ஆம்ப்ளிஃபயர், இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிள்: சுவரின் எர்த் ஒயரும் கேபிளின் ஷீல்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகின்றன. அந்த வளையத்தில் 10 மில்லியாம்பியர் ஓடி, ஷீல்டின் தடை 0.1 ஓம் இருந்தால், நம் பழைய நண்பர் ஒரு மில்லிவோல்ட் வந்து நிற்பார். அதுவும் இன்புட்டில். ஆம்ப்ளிஃபயர் ஆறு மடங்கு பெருக்கினால் ஹெட்போனில் ஆறு மில்லிவோல்ட். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பதே போதுமான சோதனை. தீர்வு, ஆப்டிகல் கேபிள் வழியாக டிஜிட்டல்-அனலாக் மாற்றிக்கு (டிஏசி) போவது, அல்லது சிக்னல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். சிலர் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு “ஹம் போயிடுச்சு” என்பார்கள். போகும்தான். உள்ளே ஒரு ஒயர் கழன்று சேசிஸில் பட்டால் தலையில் மாட்டியிருப்பவரும் போவார். 200 வோல்ட்டுக்குக் குறையாத டிசி உள்ள பெட்டியில் இந்தக் குறுக்குவழிக்கு இடமே இல்லை.

நம் வீடுகளில் இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு: சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. இரண்டு பின் சார்ஜரின் உள்ளே, மெயினுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒரு சிறிய கெப்பாசிட்டர் உண்டு. 2.2 நானோஃபாரட் என்றால் அதன் வழியே 0.16 மில்லியாம்பியர் வரை கசியும். லேப்டாப்பின் உலோக உடம்பில் புறங்கையைத் தேய்த்தால் ‘சுருக்’கென்று உணர்வது அதுதான். எர்த் இருந்தால் அந்தக் கசிவு அங்கே போயிருக்கும்; இல்லாததால் ஆர்சிஏ ஷீல்டு வழியே ஆம்ப்ளிஃபயருக்குள் இறங்குகிறது. இங்கே கேபிளை மாற்றிப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

சீலிங் ஃபேன் ரெகுலேட்டரையும் மறக்கக் கூடாது. படிப்படியாக ‘டக் டக்’ என்று திரும்பும் கெப்பாசிட்டர் ரகம் சாது. வழுக்கிக்கொண்டு திரும்பும் டிரையாக் ரகம், நொடிக்கு நூறு முறை மின்னலையை நடுவில் வெட்டிவிடுகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு ‘ஜ்ர்’. ஃபேனை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கரண்ட் போனதும் உயிர் பெறுகிற ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இன்னும் மோசம். 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் வழியே உள்ளே தாவும். போதாக்குறைக்கு, சுத்தமான 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325 வோல்ட். 230 வோல்ட் சதுர அலையின் உச்சி 230 மட்டுமே. ரெக்டிஃபயர் உச்சியைப் பிடித்து நிரப்புவதால் வால்வுகளுக்கான உயர் டிசி, அதாவது எச்டி வோல்ட்டேஜ், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் இறங்கிவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் கேட்டு ஆம்ப்ளிஃபயருக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. விட்டு விட்டு ‘டட்-டட்-டட்’ என்று வந்தால் அது ஹம்மே அல்ல. 2ஜி செல்போனின் 217 ஹெர்ட்ஸ் துடிப்பு. போனை நகர்த்தி வைத்தால் தீர்ந்தது.

வெளியிலிருந்து வருவது ஏன் ஒரு பெட்டியைப் பாதிக்கிறது, இன்னொன்றைப் பாதிப்பதில்லை என்ற கேள்விக்கு ஒலிப்பொறியாளர்கள் நீண்ட காலம் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். 1995 ஜூனில் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் நீல் மன்சி எழுதிய கட்டுரை விஷயத்தைத் தெளிவாக்கியது. கேபிள் ஷீல்டு பெட்டிக்குள் நுழைந்ததும் உலோகச் சேசிஸில் முடிய வேண்டும். அப்படிச் செய்யாமல் சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் கொண்டுபோய் இணைத்தால், ஷீல்டில் வரும் குப்பை மின்னோட்டம் ஒலி பயணிக்கும் தடத்திலேயே ஓடும். எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் முதல் பின்னை வைத்து இதை ‘பின் 1 பிரச்சினை’ என்கிறார்கள். அந்தச் சொசைட்டி இதற்காகவே ஏஇஎஸ்48 என்ற தரநிர்ணயத்தை வெளியிட்டது. ஆர்சிஏ சாக்கெட்டில் விஷயம் சிக்கலாகிறது; ஷீல்டே சிக்னலின் திரும்பு பாதையும் ஆகிவிடுகிறது. அதனால்தான் பலர் சேசிஸை நேராக மெயின் எர்த்தில் போட்டுவிட்டு, ஒலி கிரவுண்டை மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேசிஸோடு இணைக்கிறார்கள். பழுது நேர்ந்தால் மின்னோட்டம் தடையின்றி எர்த்துக்குப் போக, ரெசிஸ்டருக்கு இணையாக எதிரெதிர்த் திசையில் தடித்த டயோடுகள் இருக்கும். சேசிஸின் எர்த் எந்த நிலையிலும் நேரடிதான்.

இனி பெட்டியைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் மிச்சமிருக்கும். சில ஆயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஆன் செய்து சோதிக்கும்போது ஒரு கை பாக்கெட்டில். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் ரகமென்றால், நல்ல ஹெட்போனை மாட்டுமுன் அவுட்புட்டில் டிசி வருகிறதா என்றும் அளக்க வேண்டும்.

உள்ளே நான் முதலில் பார்ப்பது கெப்பாசிட்டரை அல்ல, ரெக்டிஃபயரிலிருந்து முதல் கெப்பாசிட்டருக்குப் போய்த் திரும்புகிற ஒயரை. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயர் 50 மில்லியாம்பியர் சீராக இழுக்கிறது என்று வையுங்கள். ஆனால் டயோடுகள் முழுநேரமும் நடத்துவதில்லை. ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் கொஞ்ச நேரம் திறந்து, அதற்குள் முழுக் கணக்கையும் நிரப்பி மூடிக்கொள்கின்றன. ஆகவே துடிப்பின் உச்சம் 50 அல்ல, 400 மில்லியாம்பியர்வாக்கில் இருக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் பத்து சென்டிமீட்டரின் தடை 2.3 மில்லிஓம். பெருக்கிப் பார்த்தால் 0.9 மில்லிவோல்ட். யாரும் தடை என்றே எண்ணாத அரைச் சாண் ஒயரில் நம் ஒரு மில்லிவோல்ட் உட்கார்ந்திருக்கிறது! அந்த ஒயரின் ஒரு முனையில் இன்புட்டின் கிரவுண்டும் மறுமுனையில் முதல் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டரும் இணைந்திருந்தால், ‘ஜ்ர்ர்ர்’ நேராக கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் விட்டால், மேல்வீட்டில் மோட்டார் போடும்போதெல்லாம் கீழ்வீட்டுக் குழாய் திணறுகிற கதைதான். எத்தனை பெரிய கெப்பாசிட்டர் போட்டாலும் இது போகாது. பெரிதாக்க ஆக்கத் துடிப்பு இன்னும் ஒடுங்கி உயரும். ‘ஜ்ர்ர்ர்’ கூடவும் செய்யும்.

மருந்து சுலபம். டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, முதல் கெப்பாசிட்டர் மூன்றும் தங்களுக்குள் ஒரு குட்டி வட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த கெப்பாசிட்டரின் மைனஸ் காலிலிருந்துதான் ஒலிச்சுற்றின் கிரவுண்டு கிளம்ப வேண்டும். எல்லா கிரவுண்டையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து குவிப்பதுதான் ‘ஸ்டார் கிரவுண்ட்’ என்று கண்ணை மூடிக்கொண்டு செய்பவர்கள் உண்டு. அந்தப் போல்ட் முதல் கெப்பாசிட்டருக்கு முன்னால் இருந்தால் நட்சத்திரத்தால் பயனில்லை.

அடுத்தது ஹீட்டர். இது வால்வு எந்திரங்களின் பிறவி நோய். 1927 வரை ரேடியோக்கள் பெரும்பாலும் பேட்டரியில்தான் இழைகளைச் சூடாக்கின. அந்த வருடம் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த யுஎக்ஸ்-226 வால்வில் இழைக்கு நேராகவே 1.5 வோல்ட் ஏசி. ஹம் அடங்கட்டும் என்றுதான் வோல்ட்டேஜை அவ்வளவு இறக்கினார்கள். அப்படியும் டிடெக்டர் இடத்துக்கு அது தாங்கவில்லை. அங்கே ஹீட்டரையும் கேத்தோடையும் தனித்தனியாகப் பிரித்த யுஒய்-227 வேண்டியிருந்தது. இன்றைய 12ஏயு7, 6080 வால்வுகள் எல்லாம் அந்தப் பிரிவினையின் வாரிசுகள். ஆனால் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே உள்ள பூச்சு வயதாக ஆகக் கசியும். சந்தேகம் வந்தால் வால்வை மாற்றிப் பார்க்கலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் “வால்வை மாத்து” என்ற யோசனைக்கு அர்த்தம் உண்டு, அதுவும் ஹம் சுத்தமான 50 ஹெர்ட்ஸாக இருந்தால். இடது வலது வால்வுகளை இடம் மாற்றி, ஹம்மும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

கசிவு இல்லாமலேயே ஹீட்டர் ஹம் வருவதற்கு இன்னும் எளிய காரணம், 6.3 வோல்ட் சுற்று எங்கேயும் கிரவுண்டைத் தொடாமல் மிதப்பது. இரு முனையிலிருந்தும் நூறு ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, அவை சேரும் நடுப்புள்ளி கிரவுண்டுக்கு. முக்கால்வாசி ஹம் அங்கேயே சாகும். ஒயர்களை நெருக்கமாக முறுக்கிச் சேசிஸின் மூலையோடு கொண்டுபோக வேண்டும். இன்னும் மிச்சமிருந்தால் அந்த நடுப்புள்ளியைக் கிரவுண்டுக்குப் பதில் 40, 50 வோல்ட் டிசியில் தூக்கி நிறுத்தலாம். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்கு எலக்ட்ரான் தாவுவது நின்றுவிடும். ஓடிஎல் ஆம்ப்ளிஃபயர்களில் இதற்கு இன்னொரு லாபம்: 6080-இன் கேத்தோடு 100 வோல்ட் அருகே நிற்கும், முன்னால் உள்ள 12ஏயு7-இன் கேத்தோடு ஒன்றிரண்டு வோல்ட்டில் நிற்கும். ஒரே ஹீட்டர் சுற்றில் இரண்டையும் ஓட்டும்போது நடுவே 50 என்பது இருவருக்கும் நல்லது. முதல் வால்வின் கேத்தோடில் வெறும் ரெசிஸ்டருக்குப் பதில் எல்இடி பயாஸ் இருந்தால், கசிவு வந்தாலும் அங்கே தடை குறைவு என்பதால் வோல்ட்டேஜாக மாறாது.

ஹீட்டருக்கு டிசி கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கைதான் எனக்குச் சம்மதமில்லை. 12ஏயு7 12.6 வோல்ட்டில் 150 மில்லியாம்பியர்தான் குடிக்கிறது. ரெகுலேட்டர் போட்டு டிசி கொடுப்பது எளிது, பலனும் உண்டு. 6080 ஒன்றுக்கு 2.5 ஆம்பியர். அதை டிசியாக்கினால் டயோடுகளில் பத்து ஆம்பியர் வரை துடிப்பு போகலாம். மேலே சொன்ன அரைச் சாண் ஒயர் கணக்கை அந்த எண்ணோடு மறுபடி போட்டுப் பார்க்கலாம். மெத்தென்ற ‘ம்ம்ம்’-ஐ விற்று ‘ஜ்ர்ர்ர்’ வாங்குகிற வியாபாரம் அது.

வடிகட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 100 மைக்ரோஃபாரட் முதல் கெப்பாசிட்டரில் 50 மில்லியாம்பியர் இழுத்தால் 5 வோல்ட் அலை நிற்கும். 270 ஓமும் 220 மைக்ரோஃபாரட்டும் அதை 37-இல் ஒரு பங்காக்கும். 10 ஹென்றி சோக்கும் 47 மைக்ரோஃபாரட்டும் என்றால் 180 மடங்குக்கு மேல் குறைக்கும். சுத்தமான 100 ஹெர்ட்ஸ் ஹம் இரு சேனலிலும் சமமாக வந்தால் இங்கே பார்க்கலாம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பத்து டிகிரி சூட்டுக்குப் பாதியாகும் என்பது தோராய விதி. ஹீட்டருக்கு மட்டுமே 15 வாட்டுக்கு மேல் எரிக்கிற 6080-ஐ ஒட்டி அதைப் பொருத்தியவருக்கு இந்தச் செலவு சீக்கிரமே வரும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்களில் மட்டும் ஒரு பிடிவாதமான 50 ஹெர்ட்ஸ் உண்டு, அது கம்பி வழியாக வருவதே இல்லை. எல்லா வால்வையும் கழற்றிவிட்டு ஆன் செய்தும் ஹெட்போனில் ஹம் கேட்டால், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் நேராக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தாவுகிறது. (வால்வு இல்லாதபோது எச்டி வோல்ட்டேஜ் ஏறும், கெப்பாசிட்டர்கள் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.) அலுமினியத் தகடு இதற்குத் தடையே அல்ல. தூரம் இரட்டித்தால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் இன்னும் விழும். சேசிஸில் துளை போடுவதற்கு முன்பே மேஜைமேல் வைத்து, பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, மற்றதை ஹெட்போனோடு இணைத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டால் ஹம் காணாமல் போகிற கோணம் தானாகக் கிடைக்கும். பென்சிலால் குறித்துக்கொண்டு அப்புறம் டிரில்லைத் தொடலாம்.

இத்தனைக்குப் பிறகும் 16 ஓம் இயர்போனில் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். ஓடிஎல் பெட்டி பிறந்ததே 300 ஓம் ஹெட்போனுக்காக. ஜோடிப் பொருத்தம் சரியில்லாததைச் சர்க்யூட்டின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. இயர்போனுக்குத் தொடராக 100 ஓம், இணையாக 10 ஓம், இரண்டையும் ஒரு சின்ன அடாப்டருக்குள் அடக்கிவிடலாம். பாட்டும் ஹம்மும் சேர்ந்தே 25 டெசிபெல் இறங்கும். பாட்டை வால்யூமால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். வால்யூமுக்குப் பின்னால் பிறந்த ஹம்முக்கு ஏறிவர வழியில்லை. 68 டெசிபெல் 43 ஆகிவிடும், செலவு ஒரு டீக் காசு.